அத்தியாயம் 7: தடைக்கால ஆய்வும் படகு முதலாளிகளும்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் எஞ்சின் மெக்கானிக்குக்கு வருஷம் பிறப்பது சித்திரையில்தான். ஏப்ரல் 15-ல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை இது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது என்பதால், இங்கே படகைக் கட்டிப்போட்டதும் ஆட்களில் சிலர் கேரளப் பக்கம் வேலை தேடிப் போய்விடுவார்கள். படகோடு பெரும்பாலும் மிஞ்சுகிறவர்கள் முதலாளியும் மெக்கானிக்கும்தான்.

இந்த இரண்டு மாதத்தில் ஒரு படகுக்கு இரண்டு ஆய்வுகள் நடந்தாக வேண்டும். ஒன்று மீன்வளத் துறை நடத்துவது. மற்றொன்று நீங்கள் நடத்துவது. முதலாவதில் தேறாவிட்டால் மானிய டீசல் நின்றுபோகும் என்பதால் அதற்கு முதலாளி தவறாமல் வருவார். இரண்டாவதில் தேறாவிட்டால் கரையிலிருந்து 20 கடல் மைலுக்கு அப்பால் எஞ்சின் நிற்கும். அதற்கு அவரை நாம்தான் இழுத்து வர வேண்டியிருக்கிறது.

அதிகாரிகள் பார்ப்பது

ஆய்வுக்கு ஒரு நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று படகைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு, டீசல் பாஸ் புத்தகம் ஆகியவற்றை வாங்கிப் பார்ப்பார்கள். பதிவு எண் இரு பக்கமும் படிக்கும்படி எழுதியிருக்கிறதா, அரசு சொன்ன வண்ணம் பூசியிருக்கிறதா, படகின் நீளமும் எஞ்சின் குதிரைத்திறனும் சான்றில் உள்ளபடி இருக்கின்றனவா, மடி வலையின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட், மிதவை, வி.எச்.எஃப். கருவி, டிரான்ஸ்பாண்டர் இருக்கின்றனவா என்று வரிசையாகப் போகும்.

இதில் மெக்கானிக்கின் தலை உருளும் இடம் எஞ்சின் எண். போன வருஷம் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். சான்றில் பழைய எண்ணே இருக்கும். மாற்றிய உடனே மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஆய்வுக்கு முதல் நாள் இரவு நடக்கிற வேலை இல்லை அது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விசைப்படகு எஞ்சின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது, படகு 24 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட சீன எஞ்சின்களைப் போட்டுவிட்டு, “தகட்ட மட்டும் மாத்தி அடிச்சுக் குடு மேஸ்திரி” என்று கேட்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அது நம் தொழிலும் இல்லை. பிடிபட்டால் முதலாளிக்கு அபராதத்தோடு போய்விடும். தகடு அடித்தவன் பெயர் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அதிகாரிகள் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. படகு யாருடையது, என்ன அளவு, சட்டப்படி இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆய்வுச் சீட்டு கையில் வந்ததும் “போட்டு பாஸாயிடுச்சு” என்று முதலாளி சொல்லும்போது, பாஸானது காகிதம் மட்டும்தான் என்பதை நயமாக எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

சிறு விமானங்களில் எஞ்சின் சோதனை வேறு மாதிரி. பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஓடிய மணிக் கணக்குப்படி சோதனை உண்டு. அதற்கு மேல் ஆண்டுச் சோதனையும் உண்டு. உரிமம் பெற்ற பொறியாளர் சிலிண்டர் சிலிண்டராகப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அது தரையை விட்டுக் கிளம்பலாம். நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே வந்து இறங்கும் இப்படிப்பட்ட சிறு விமானத்துக்கும் இந்தச் சட்டம்தான். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் கடலில் கிடக்கும் படகின் எஞ்சினுக்கு அப்படி ஒரு கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கேட்கும் நாள் வரும்வரை, நாமே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலாளியின் கை எப்போது காலி?

ஒரு விஷயத்தை இளம் மெக்கானிக்குகள் புரிந்துகொள்வதில்லை. முதலாளிக்கு வரவு இருக்கிற மாதங்களில் படகு கடலில் இருக்கிறது, அதனால் பிரிக்க முடியாது. படகு கரையில் இருக்கிற மாதங்களில் அவருக்கு வரவு இல்லை, அதனால் பிரித்தாலும் பாகம் வாங்க முடியாது. அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்தின் அரிசி பருப்புக்கானது, எஞ்சினுக்கு வராது. வலை கட்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், ஆட்களுக்கு முன்பணம் தர வேண்டும். மீன் வியாபாரியிடம் ஏற்கெனவே கடன் இருக்கும். இந்த வரிசையில் இன்ஜெக்டர் கடைசியில்தான் நிற்கும்.

ஆகவே அவர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். கண்ட குறைகளையெல்லாம் ஒரே சீட்டில் எழுதி நீட்டவும் வேண்டாம். பதினைந்து உருப்படி உள்ள சீட்டைப் பார்த்த முதலாளி அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார், அதோடு சரி. இரண்டு சீட்டாகப் பிரியுங்கள். கெட்டால் படகு நின்றுவிடும் அல்லது மூழ்கிவிடும் என்பவை முதல் சீட்டில். கெட்டாலும் மெதுவாகக் கரை சேரலாம் என்பவை இரண்டாவதில். முதல் சீட்டு ஜூன் 12-க்குள் முடிய வேண்டும். இரண்டாவது, கடலில் தங்கிப் பிடித்து வரும் முதல் சில தங்கலின் வரவைப் பார்த்துக்கொண்டு செய்யலாம். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் முதலாளிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அவர் முதல் சீட்டுக்காகக் கடன் வாங்கவே துணிவார்.

தானே கடலுக்குப் போகிற முதலாளியிடம் பேசுவது சுலபம். எஞ்சின் சத்தம் எந்த இடத்தில் மாறுகிறது என்று அவரே வாயால் செய்து காட்டுவார். கரையிலிருந்து கணக்கு மட்டும் பார்க்கிறவரிடம் சத்தத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒரு தங்கலுக்கு எத்தனை லிட்டர் டீசல் போகிறது என்று கேளுங்கள். போன ஆண்டைவிடக் கூடியிருந்தால் அதிலிருந்தே இன்ஜெக்டருக்கு வந்துவிடலாம். இன்னொரு வகை உண்டு: வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, மச்சான் பெயரில் படகு விட்டிருப்பவர். இவரிடம் முடிவு போனில்தான் வரும். கழற்றிய பாகத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். மச்சான் தலையாட்டினார் என்று பூட்டிவிடாதீர்கள்.

படகை ஓட்டும் ஸ்ராங்கைத் தனியாக ஒரு டீக்கடையில் பிடித்துப் பேசுவதை விட்டுவிடக் கூடாது. முதலாளி முன்னால் “எல்லாம் நல்லாத்தாண்ணே ஓடுது” என்பவர், டீ பாதி குடித்ததும் “ரிவர்ஸ் போட்டா ஒரு இடி இடிக்குது” என்பார். அந்த ஒரு வாக்கியம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

எதை முதலில் திறப்பது

படகு கட்டிய அன்றே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கிவிடுங்கள். சூட்டில் கசடெல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஜூனில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், எரிந்த ஆயிலில் உள்ள அமிலம் இரண்டு மாதம் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். இறக்கும்போது நிறத்தைப் பாருங்கள். கறுப்பு இயல்பு. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட், லைனர் ரப்பர், ஆயில் கூலர் என்று தேட வேண்டும். விரலில் தேய்த்துப் பார்க்கையில் மினுமினுப்பாகப் பொடி தட்டுப்பட்டால் அது முதல் சீட்டில் முதல் வரி.

புகை பார்ப்பதையும் கட்டுகிற அன்றே செய்துவிட வேண்டும். பளு ஏற்றும்போது கருப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் பீய்ச்சாமல் ஒழுகுகிறது. நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் புகுகிறது. இன்ஜெக்டர்களை நம்பர் போட்டுக் கழற்றி, சோதனைக் கருவியில் வைத்துப் பீய்ச்சும் விதத்தைக் கண்ணால் பாருங்கள். பம்ப்பைக் கையால் திருகிச் சரிசெய்கிற பழக்கம் வேண்டாம். அதற்கென்று இருக்கிற காலிபரேஷன் கடைக்கு அனுப்புங்கள்.

டீசல் டேங்க்தான் கடலில் அதிகம் காலை வாருவது. படகு நிற்கும்போது கசடும் தண்ணீரும் அடியில் தங்கிவிடும். எஞ்சின் கரையில் தேனாய் ஓடும். தடை முடிந்து முதல் நாள் முகத்துவாரம் தாண்டி அலையில் ஆடத் தொடங்கியதும் அடிக் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் மூச்சு வாங்கி நிற்கும். ஜூன் 15 காலையில் மெக்கானிக்குக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் இதுதான். டேங்கின் அடித் திருகைத் திறந்து தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். அந்தத் திருகு இல்லாத டேங்க்குகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்று வைத்துக் கொடுங்கள். இரண்டு செட் ஃபில்டரைப் படகில் வைத்து, ஏர் எடுப்பது எப்படி என்று ஸ்ராங்குக்குக் கையோடு செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பார்த்துத் தெரிந்துகொண்டது அலையில் மறந்துபோகும்.

கடல்நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரை, நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். படகு நிற்கும் இரண்டு மாதமும் அதன் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கிக் கிடக்கும். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். அது குழாயில் போய் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. படகுக்கு வெளியே அடியில் கூலிங் குழாய் ஓடும் அமைப்பாக இருந்தால், மணல் திட்டில் தட்டி அது நசுங்கியிருக்கிறதா என்று முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். முகத்துவாரம் மண்மேடிட்ட காலத்தில் எந்தப் படகும் தட்டாமல் தப்பாது.

படகைக் கரையேற்றியதும் கொட்டலசு சுரண்டுவதற்குள் ஒருமுறை சுற்றி வந்துவிடுங்கள். புரொப்பெல்லரைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் விரிசலைத் தேடுங்கள். பித்தளை பாகங்களில் மஞ்சள் போய் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது. பார்க்க முழுசாக இருக்கும், சுத்தியலுக்கு உதிரும். அதைக் காப்பாற்றத்தான் சுக்கானிலும் அடிப்பாகத்திலும் ஜிங்க் கட்டி வைக்கிறோம். பாதி கரைந்த ஜிங்க் கட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம், மாற்றுங்கள். ஒரு வருஷமாகியும் கரையாமல் புதுசாகவே இருக்கிறதென்றால் முதலாளி சந்தோஷப்படுவார், நீங்கள் படாதீர்கள். யாரோ அதன் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது அது இரும்போடு சரியாகத் தொடவில்லை. பெயின்ட் அடிக்கிற நாளில் நீங்களும் கூட நின்று ஜிங்க் கட்டிகளுக்குக் காகிதம் ஒட்டிவிடுவது நல்லது.

கரையில் ஒரு அளவு, தண்ணீரில் ஒரு அளவு

கியர்பாக்ஸையும் சாஃப்டையும் சேர்க்கும் கப்ளிங்கை நேர்பார்ப்பதில்தான் நல்ல மெக்கானிக்கும் அரைகுறையும் பிரிகிறார்கள். கரையில் கட்டைகள் மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவில் இருக்கும். தண்ணீரில் இறங்கி, டீசலும் ஐஸும் ஏறியதும் சற்று வளையும். மரப் படகில் இந்த மாற்றம் அதிகம். பலகை தண்ணீர் குடித்து உப்ப ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஆகவே கரையில் தோராயமாக நேர்பார்த்து போல்ட்டைப் பூட்டுங்கள். படகு இறங்கி இரண்டு நாள் கழித்து போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் இடையே மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மவுண்டிங்கில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள்.

“கரையிலயே பாத்துட்டியே, திருப்பி எதுக்கு?” என்று முதலாளி கேட்பார். கூலி இரண்டு தடவை ஆகிறதென்ற கவலை அவருக்கு. முதல் முறையே இரண்டையும் சேர்த்து ஒரே கூலியாகப் பேசிவிட்டால் இந்தக் கேள்வி எழாது. நேர் இல்லாத சாஃப்ட் முதலில் கிளாண்ட் பேக்கிங்கைத் தின்னும், பிறகு பேரிங்கை, கடைசியில் கியர்பாக்ஸ் சீலை. ஓடும்போது கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். அதுதான் அதற்குக் குளிர்ச்சி. சொட்டவே கூடாது என்று இறுக்கி இறுக்கிச் சாஃப்டில் பள்ளம் விழவைத்த படகுகள் முதுநகரில் ஏராளம்.

மரப் படகானால் கலப்பற்று வேலை முடிந்த பிறகே எஞ்சின் படுக்கை போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குங்கள். இரும்புப் படகில் எஞ்சின் அறையின் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் தகட்டைக் காகிதமாக்கியிருக்கும்.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே அன்னங்கோயில், முடசல் ஓடை, கிள்ளை என்று போனால் விசைப்படகோடு பைபர் படகும் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பைபர் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. அதன் எஞ்சின் சிறிது. தோளில் தூக்கிக் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரிக்கலாம். இங்கே முதலாளியும் ஸ்ராங்கும் ஒரே ஆள்தான், அதனால் பேரம் குறைவு. ஆனால் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேலையும் அதிகம்; நீங்கள் வருவதற்குள் பாதி கழற்றியிருப்பார். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று கேட்டால் சிரிப்பார். ஓடிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை மட்டும் அவர் வீட்டுப் பெண்களிடமும் சொல்லிவைத்துவிடுங்கள். அவர் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

மூழ்கிய எஞ்சின்

இது கடலூருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய பாடம். சுனாமி போகட்டும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும் படகுகள் மூழ்கின. மூழ்கிய எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும்வரை மெதுவாகத்தான் கெடும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் துரு பாயத் தொடங்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் இல்லை.

எடுத்த உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். ஆயில், டீசல் எல்லாவற்றையும் இறக்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பிறகு டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றித் திரும்பச் சுற்றுங்கள். பம்ப்பைக் கடைக்கு அனுப்புங்கள். செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துக் கழுவிக் காயவையுங்கள். ஆளில்லை, பணமில்லை, நிவாரணத்துக்கு அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று முதலாளி தயங்கினால், முதலில் நாலா பக்கமும் படமெடுத்து வைத்துவிட்டுக் கழுவும் வேலையைத் தொடங்குங்கள். கழுவிய எஞ்சினுக்கும் சேதக் கணக்கு எழுத முடியும். ஒரு வாரம் உப்பில் கிடந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

நோட்டு

படகுக்கு ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு போதும். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, இன்ஜெக்டர் பார்த்தது, இம்பெல்லர் போட்டது, கப்ளிங் அளவு கரையில் என்ன, தண்ணீரில் என்ன என்று எழுதுங்கள். முதல் சீட்டில் இருந்து செய்யாமல் விட்டது எது என்பதையும் எழுதி, முதலாளியிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் கோணுவார். “என் மேலயே நம்பிக்கை இல்லியா?” என்பார். உங்கள் பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டுக் காட்டினால் சமாதானமாகிவிடுவார். படகை விற்கும்போது இந்த நோட்டைக் காட்டினால் விலை படிவதும் எளிது. அதைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் கையெழுத்து விழும்.

எல்லாம் முடிந்தபின் படகைத் துறையில் கெட்டியாகக் கட்டிப்போட்டு, முன்கியரில் ஒரு மணி நேரம் பளுவில் ஓட்டுங்கள். தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர், புகை, கிளாண்டுச் சொட்டு நான்கையும் பாருங்கள். இதை ஜூன் 12-க்குள் முடித்துவிட வேண்டும். 13-ந் தேதி ஐஸும் வலையும் ஏறத் தொடங்கிவிடும். அதன் பிறகு எஞ்சின் அறைக்குள் இறங்க உங்களுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள்.